சாரா, மேபெல் பேரு எங்க?

ஆசிரியருக்கு வணக்கம்,

போன இதழ்ல கன்ட்ரி மியூசிக், அதாவது அமெரிக்க கிராமத்துப் பாட்டு பத்தி வந்த கட்டுரைய ஒரே மூச்சுல படிச்சேன், நல்லா எழுதிருந்தாங்க, ஆனா ஒரு விஷயம் மனசுக்கு ஆறவே இல்ல. 1927ல அமெரிக்காவுல பிரிஸ்டல்ங்கிற ஊர்ல நடந்த ரெக்கார்டிங் பத்தி அவ்ளோ வருது, பாடகர் ஜிம்மி ராட்ஜர்ஸ் வர்றார், கார்ட்டர் ஃபேமிலிங்கிற மூணு பேர் பாட்டுக் குழுவச் சொல்லி ஏ.பி. கார்ட்டர் பேரு மட்டும் வருது. அந்த ரெக்கார்டுல நாம கேக்குற குரல் அவர் மனைவி சாராவோடதுங்க! ஏ.பி. ஊர் ஊரா போய் பாட்டு சேகரிச்சார், அது பெரிய வேலைதான், மறுக்கல, ஆனா பாடும்போது அவர் அப்பப்ப வந்து சேந்துக்குவார், அவ்ளோதான். கிட்டார் வாசிச்சது சாராவோட கசின் மேபெல். அப்போ 18 வயசு, ஏழு மாசம் தாண்டுன வயித்தோட மலை ரோட்டுல கார்ல வந்து வாசிச்சிருக்காங்க.

நான் ரெண்டு வருஷமா கிட்டார் கத்துக்கிறேன், அதனாலதான் இது எனக்கு இவ்ளோ உறுத்துது. கட்டை விரல் தடிச்ச கம்பில மெட்டு வாசிக்கணும், அதே நேரம் மத்த விரல் மெல்லிசு கம்பில தாளம் போடணும், இதான் மேபெல் ஸ்டைல், ஆறு மாசம் ஆச்சு எனக்கு இன்னும் கை வரல. அதுவரைக்கும் பெரும்பாலும் பின்னாடி தாளத்துக்கு இருந்த கிட்டார முன்னாடி கொண்டு வந்தவங்கள்ல அவங்க முக்கியமானவங்க, அவங்களுக்கு ஒரு வரி கூட இல்லையா?

அப்புறம் 1950 வரைக்கும் பெண்கள் பெருசா இல்லனு ஒரு வரி இருக்கு, அது தப்பு. 1924லயே சமந்தா பம்கார்னரும் ஈவா டேவிஸும் நியூயார்க் போய் கொலம்பியா ரெக்கார்ட் கம்பெனிக்கு பாடி ரெக்கார்ட் பண்ணிட்டாங்க. 1935ல பேட்ஸி மொன்டானா யோடல் பண்ணி (குரல சட்சட்டுனு மேல கீழ மாத்தி) பாடுன கௌபாய் பாட்டு பத்து லட்சம் ரெக்கார்ட் வித்துச்சு.

பாடகி கிட்டி வெல்ஸ் பேரு மட்டும் வருது, கதை வரல. 1952ல ஹேங்க் தாம்சன்ங்கிற பாடகர், தன்ன விட்டு பார்ல திரியப் போன பொண்ணப் பத்தி பாடுன பாட்டு பெரிய ஹிட், அதுக்கு பதில் சொல்ற மாதிரி கிட்டி, கல்யாணம் ஆகியும் ஆகாத மாதிரி நடந்துக்குற ஆம்பளைங்களாலதான் பல பொண்ணுங்க வாழ்க்க கெட்டுச்சுனு பாடுனாங்க. அப்போ பாட்ட விட்டுட்டு வீட்டோட இருந்துடலாம்னு இருந்தவங்க, ரெக்கார்டிங்குக்கு கிடைக்கிற 125 டாலருக்காகத்தான் ஒத்துக்கிட்டாங்க. அந்தப் பாட்டுக்கு அமெரிக்காவோட என்பிசி ரேடியோ தடை போட்டுச்சு. அப்பவும் பில்போர்ட் பத்திரிகையோட கன்ட்ரி ஹிட் லிஸ்ட்ல ஆறு வாரம் முதலிடம், தனியா பாடி அங்க போன முதல் பெண் அவங்கதான்.

அடுத்த இதழ்ல இந்தப் பெண்களுக்குனு ஒரு பக்கம் ஒதுக்குங்க, சாராவும் மேபெலும் சேந்து இருக்குற போட்டோ ஒண்ணும் போடுங்க.

இப்படிக்கு,
ஒரு வாசகி