தோட்டா செய்தவர்களையும் சேர்த்துச் சொல்லுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு, வணக்கம்.

உங்கள் ஞாயிறு இணைப்பில் முதல் உலகப் போர் விமானங்களைப் பற்றி வந்த கட்டுரையை விரும்பிப் படித்தேன். ஆனால் அதில் ஒரு வரி என் மனதை உறுத்திக்கொண்டே இருக்கிறது. விமானி முன்னால் இருக்கும் துப்பாக்கி சொந்த புரொப்பெல்லரையே சுட்டுவிடும் என்பதுதான் சிக்கல்; புரொப்பெல்லர் குறுக்கே வரும்போதெல்லாம் துப்பாக்கியை நிறுத்திவிடும் கருவியை ஜெர்மனிக்கு விமானம் கட்டிய ஃபோக்கர் கண்டுபிடித்தார், அதோடு சிக்கல் தீர்ந்தது என்று எழுதியிருந்தீர்கள். வேலைக்காலம் முழுக்க கேம், லீவர், ஸ்பிரிங் என்று இருந்த ஃபிட்டர் நான். துப்பாக்கியை வடிவமைத்தவர்களும் தோட்டா செய்தவர்களும் அந்த வரியில் காணாமல் போய்விட்டார்கள்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். இரண்டு அலகு (காற்றை வெட்டும் தகடு) உள்ள புரொப்பெல்லர் நிமிடத்துக்கு 1,200 முறை சுற்றினால், துப்பாக்கி வாய்க்கு முன்னால் நொடிக்கு 40 தடவை அலகு கடக்கும். நிமிடத்துக்கு 500 குண்டு சுடும் துப்பாக்கியை அந்த வேகத்தில் நிறுத்தி நிறுத்தி விட முடியாது. ஃபோக்கர் விமானத்தில் நடந்தது வேறு. எஞ்சினோடு சுழலும் கேம் (ஒரு பக்கம் மேடு வைத்த சக்கரம்), அலகு விலகியிருக்கும் நேரம் பார்த்து விசையைத் தட்டும். துப்பாக்கி அப்போது தயாராக இருந்தால் ஒரு குண்டு போகும். இல்லையென்றால் அடுத்த தட்டில்தான்.

இதற்கு எல்லாத் துப்பாக்கியும் ஒத்துவராது. விக்கர்ஸ், பாராபெல்லம், ஸ்பான்டாவ் மூன்றும் மாக்சிம் என்ற பழைய இயந்திரத் துப்பாக்கி வழி வந்தவை. அவற்றில் தோட்டா முன்கூட்டியே குழலின் பின்முனையில் உள்ள அறைக்குள் பூட்டி நிற்கும். தட்டியதும் தோட்டாவின் பின்பக்கத்தை அடிக்கும் ஊசி பாய வேண்டியதுதான் பாக்கி. லூயிஸ் துப்பாக்கியில் போல்ட் (தோட்டாவைத் தள்ளி அறையை மூடும் உருளை) பின்னால் நிற்கும். விசையை அழுத்தியதும் அது முன்னே ஓடி, தோட்டாவைப் பிடித்து, அறைக்குள் தள்ளி, அப்புறம்தான் சுடும். அவ்வளவு ஓட்டம் இருந்தால் நேரம் ஒரே சீராக அமையாது. அதனால்தான் நியூபோர்ட் 11 விமானத்தில் லூயிஸை மேல் இறக்கைக்கு மேலே ஏற்றி, புரொப்பெல்லருக்கு மேலாகச் சுட வைத்தார்கள். 47 தோட்டா வட்டு தீர்ந்தால், பறந்துகொண்டே கையை மேலே நீட்டி மாற்ற வேண்டும். அந்த விமானிகளின் துணிச்சலை என்னவென்று சொல்ல!

தோட்டா விஷயம் இன்னும் முக்கியம். ஊசி அடித்த பிறகும் மருந்து சற்றுத் தாமதமாகப் பற்றினால், குண்டு அலகிலேயே பாயக்கூடும். பிரான்சில் விமானப் பொறியாளர் ரேமோன் சோல்னியே 1914-லேயே இப்படி ஒரு கருவியைச் செய்து பார்த்தார். ஹாட்ச்கிஸ் துப்பாக்கியும் சீரில்லாத தோட்டாக்களும் அவரைக் கைவிட்டன. வேறு வழியில்லாமல் அலகுகளில் எஃகு ஆப்புகளைப் பொருத்தினார்கள். படும் குண்டு தெறித்து விலகிவிடும். அப்படிப்பட்ட விமானத்தில்தான் பிரெஞ்சு விமானி ரோலான் காரோ 1915 ஏப்ரல் மாதத்தில் எதிரி விமானங்களை வீழ்த்தி, 18-ஆம் தேதி ஜெர்மானியரிடம் பிடிபட்டார். ஃபோக்கரின் ஆட்கள் களத்தில் இறங்கியது அதன் பிறகு. அவர்கள் கைக்கு நல்ல பாராபெல்லம் கிடைத்தது. சோல்னியேவுக்கு அந்த வசதி இல்லை.

கான்ஸ்டான்டினெஸ்கு என்ற ருமேனியப் பொறியாளரையும் நீங்கள் சேர்த்திருக்கலாம். கம்பி, லீவர் எல்லாவற்றையும் தூக்கிப் போட்டுவிட்டு, குழாயில் அடைத்த எண்ணெய் வழியே அழுத்த அலையை அனுப்பி விசையைத் தட்ட வைத்தவர் அவர். 1917-இல் பிரிட்டிஷ் விமானங்களுக்கு வந்த அந்தக் கருவியை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மெய்சிலிர்க்கும்.

வரும் இணைப்பில் திருத்தத்தோடு, விக்கர்ஸையும் லூயிஸையும் குறுக்குவெட்டுப் படமாகப் பக்கத்தில் பக்கத்தில் போடுங்கள். போல்ட் எங்கே நிற்கிறது என்று அம்புக்குறி போட்டுக் காட்டினால், பள்ளிப் பிள்ளைகளுக்கும் எளிதில் புரியும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஃபிட்டர், உங்கள் நெடுநாள் வாசகர்