ஓடைக்கு இடம் விட்டு வீடு கட்டு

எமரால்டு,
நீலகிரி

அன்பு மகள் செல்விக்கு,

அப்பா எழுதுவது. மாப்பிள்ளை வாட்ஸ்அப்பில் அனுப்பிய வீட்டு பிளானை நானும் அம்மாவும் பார்த்தோம். அறைகள், பால்கனி, கார் நிறுத்த இடம் எல்லாம் நன்றாகவே இருக்கின்றன. நீங்கள் பெங்களூரை விட்டு இங்கேயே வந்து இருக்கப்போகிறீர்கள் என்று அம்மாவுக்கு இருக்கிற சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. ஆனால் கீழ்ப்பக்கம் ஓடையில் மண்ணைக் கொட்டி மட்டப்படுத்தி, அதன்மேல் வீடு என்று போட்டிருக்கிறீர்களே, அதற்கு மட்டும் நான் சம்மதிக்க மாட்டேன். போனில் சொன்னால் பாதியில் சிக்னல் போய்விடும். நீயும் "சரிப்பா, பார்க்கலாம்" என்று வைத்துவிடுவாய். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

வருஷத்தில் பாதி நாள் அந்த ஓடையில் தண்ணீரே இல்லை, இரண்டடிக் குழாயைப் பதித்து மேலே மூடிவிடலாம் என்று இன்ஜினியர் சொன்னாராம். பாதி நாள் தண்ணீர் இல்லை என்பது உண்மைதான். இருக்கிற நாளிலும் உன் பையன் தாண்டிக் குதிக்கிற அளவுதான் ஓடும். ஆனால் அந்தப் பள்ளம் எவ்வளவு ஆழம், எவ்வளவு அகலம் என்று பார்த்திருக்கிறாயா? இந்தச் சொட்டுத் தண்ணீர் அதைத் தோண்டவில்லை. எப்போதோ சில நாட்கள், சில ராத்திரிகள் வந்த வெள்ளம் தோண்டியது. சமவெளியில் ஆறு தன் கரையைக் கொஞ்சம் கொஞ்சமாக வருஷாவருஷம் மாற்றிக்கொண்டே இருக்கும். மலையில் அப்படி இல்லை. இருபது முப்பது வருஷம் ஒன்றுமே நடக்காது, பிறகு ஒரே ராத்திரியில் எல்லாம் நடக்கும்.

குந்தா நீர்மின் திட்டத்தில் மின்வாரிய வேலை பார்த்தே என் ஆயுசு போயிற்று. தினமும் காலையில் மழைமானியில் சேர்ந்த தண்ணீரை அளவுக் குடுவையில் ஊற்றிப் பார்த்து நோட்டில் எழுதுவதும் அந்த வேலையில் ஒன்று. சாதாரண நாளில் குடுவை பாதிகூட நிரம்பாது. பெருமழை நாளில் நிரப்பி நிரப்பிக் கொட்டிக்கொண்டே இருக்க வேண்டும், எத்தனையாவது குடுவை என்ற எண்ணிக்கை தவறிவிடுமோ என்று பயமாக இருக்கும். 2009 நவம்பரில் கேத்தியில் 24 மணி நேரத்தில் 800 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டியது. 2019 ஆகஸ்டில் நம் பக்கத்து அவலாஞ்சியில் அதே மாதிரி 800-ஐத் தாண்டியது. பத்தே வருஷ இடைவெளியில் ஒரே மாவட்டத்தில் இரண்டு முறை. ஒன்று வடகிழக்குப் பருவமழை, இன்னொன்று தென்மேற்கு. எந்தப் பக்கக் காற்று வந்தாலும் நமக்குத் தப்ப வழியில்லை.

800 மில்லிமீட்டர் என்றால் உனக்குப் பெரிதாகத் தோன்றாமல் இருக்கலாம். கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். ஒரு சென்ட் நிலத்தில் அத்தனை மழை விழுந்தால் 32,000 லிட்டர் தண்ணீர். நம்முடையது 40 சென்ட். அப்படியானால் ஒரே நாளில் சுமார் 13 லட்சம் லிட்டர், நம் நிலத்தில் மட்டும். நமக்கு மேலே தேயிலைத் தோட்டம் இருக்கிறது, அதற்கும் மேலே சோலைக்காடு, புல்வெளி. அங்கே விழுவதில் மண் உறிஞ்சியது போக மீதி எல்லாம் எந்த வழியாக இறங்கும்? அந்த ஓடை ஒன்றுதான் வழி. அதற்குத்தான் இரண்டடிக் குழாய் என்கிறார்கள்!

வெறும் தண்ணீர் வந்தால்கூடப் பரவாயில்லை. ஓட்டத்தின் வேகம் இரண்டு மடங்கானால், அதனால் உருட்ட முடிகிற கல்லின் எடை 64 மடங்காகிறது. சாதாரண நாளில் கூழாங்கல்லைக்கூட அசைக்காத ஓடை, அன்றைக்கு அம்மிக்கல்லை உருட்டிக்கொண்டு வரும். கூடவே சில்வர் ஓக் கிளை, தேயிலைச் செடி, வேரோடு பெயர்ந்த புதர். முதல் அரை மணி நேரத்திலேயே குழாயின் வாய் அடைத்துவிடும். அப்புறம் பின்னால் தேங்குகிற தண்ணீர் நீங்கள் கொட்டி மட்டப்படுத்திய மண்ணுக்குள் ஊறும். கொட்டிய மண்ணுக்குக் கெட்டித்தன்மை கிடையாது. ஊறிக் குழம்பாகி, வீட்டையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும். கீழே தோட்டத் தொழிலாளர்கள் இருக்கிற லைன் வீடுகளின்மேல்தான் போய் விழும். நம் வீடு போவதைவிட எனக்கு அந்தப் பயம்தான் அதிகம்.

நம் மலையின் மண்ணைப் பற்றியும் நீ தெரிந்துகொள்ள வேண்டும். பஸ் ஸ்டாப்புக்கு எதிரே ரோடு போட வெட்டிய மண்சுவர் இருக்கிறதே, அடுத்த முறை வரும்போது கிட்டே போய்ப் பார். ஆரஞ்சும் செங்காவியும் கலந்த மண், அதற்குள் அங்கங்கே கருநீலமாக உருண்டைக் கற்கள். ஒவ்வொரு கல்லையும் சுற்றி வெங்காயத் தோல் மாதிரி அடுக்கடுக்காக மக்கிய பாறை. நகத்தால் கீறினாலே உதிரும். நடுவில் இருப்பது சார்னோகைட், சம்மட்டியால் அடித்தால் மணிச்சத்தம் கேட்கிற கடினப் பாறை. வெளியே உதிர்கிற மண்ணும் ஒரு காலத்தில் அதே பாறைதான். விரிசல்களுக்குள் மழைத்தண்ணீர் இறங்கி, லட்சக்கணக்கான வருஷம் உள்ளே இருந்தே அதைத் தின்றிருக்கிறது. மூலைகள் முதலில் கரையும், அதனால்தான் மிச்சம் நிற்பது உருண்டையாக இருக்கிறது. யாரும் உருட்டிக்கொண்டு வந்த கல் இல்லை அது, நின்ற இடத்திலேயே உருண்டையானது.

நீலகிரி முழுக்கப் பாறை என்றுதான் கீழே இருக்கிறவர்கள் நினைக்கிறார்கள். பாறைக்கு மேல் பல மீட்டர் கனத்துக்கு இந்த மக்கிய மண் உட்கார்ந்திருக்கிறது. காய்ந்திருக்கும்போது செங்குத்தாக வெட்டினாலும் நிற்கும், அதுதான் எல்லோரையும் ஏமாற்றுகிறது. நாள்கணக்கில் மழை பெய்து மண் குடித்துக்கொண்டே போகும்போது, அடியில் பாறை வரை இறங்கிய தண்ணீருக்கு வெளியேற வழி வேண்டும். வழி இல்லாவிட்டால் உள்ளிருந்தே அழுத்தம் ஏறி, மண்துகள் ஒன்றையொன்று பிடித்துக்கொள்கிற பிடி விட்டுப்போகும். அப்புறம் சரிவு முழுவதும் ஒரே வீச்சில் இறங்கும். அடிவாரத்தை வெட்டி வீட்டுக்கோ ரோட்டுக்கோ இடம் எடுத்திருந்தால் இன்னும் சுலபம். 1990-இல் கெத்தை, 1993-இல் மரப்பாலம், 2009-இல் குன்னூர், கேத்தி, ஊட்டி என்று மாவட்டம் முழுக்கச் சரிந்திருக்கிறது. 2009-இல் மட்டும் நாற்பதுக்கு மேற்பட்டவர்கள் செத்தார்கள். காடு இருந்தால் சரியாது என்று சிலர் அடித்துச் சொல்வார்கள். 2019-இல் அவலாஞ்சிப் பக்கம் மனிதர் கை படாத சோலை, புல்வெளிச் சரிவுகளும் இறங்கின. மலை தானாகவே சரிகிறதுதான். நாம் ஓடையை அடைத்து, சரிவை வெட்டி, அது சரிகிற இடத்தையும் நேரத்தையும் நம் தலைக்கு மேலே கொண்டுவந்து வைக்கிறோம்.

சரிந்ததும் கரைந்ததும் எங்கே போகிறது என்பதை வேலையில் இருந்தபோது கண்ணால் பார்த்தேன். மழை ஆரம்பித்ததும் அணைக்குள் இறங்குகிற தண்ணீர் டீ நிறத்தில் வரும். கேரட், உருளைக்கிழங்குக்கு நீர் தேங்கக்கூடாது என்று பாத்தியைச் சரிவு வாக்கிலேயே இழுக்கிறார்கள். கிழங்கு அழுகாமல் இருக்க அவர்களுக்கு வேறு வழி தெரியவில்லை, அவர்களைக் குறை சொல்லி என்ன ஆகப்போகிறது? ஆனால் உழுது பொலபொலவென்று கிடக்கிற மண்ணில் மழைத்துளி விழுந்தால் துளிக்குத் துளி மண் தெறித்துக் கிளம்பும், ஒவ்வொரு வாய்க்காலும் அதை நேரே கீழே அனுப்பும். மேலே இருந்த கருமண் போய், அடியில் இருக்கிற செம்மண் தெரிகிற தோட்டங்களை இங்கே எங்கும் பார்க்கலாம். அந்த மண் முதலில் குந்தா, கெத்தை அணைகளில் உட்காருகிறது. அதையும் தாண்டியது பில்லூரில். கோயம்புத்தூர் குடிக்கிற தண்ணீரில் ஒரு பகுதி அந்த அணையிலிருந்துதான் போகிறது. அங்கே தண்ணீர் நிற்க வேண்டிய இடத்தில் வண்டல் நிற்கிறது. அதற்கும் கீழே பவானிசாகர். 1955-இல் அதைக் கட்டுவதற்கு முன்னால் இந்த மலை மண் பவானியோடு காவிரிக்குப் போய், தஞ்சாவூர் வயல் வரைக்கும் சேர்ந்திருக்கும். உங்கள் தாத்தா ஊர் வயலின் வளமெல்லாம் எங்கிருந்தோ கரைந்து வந்த மலைதான்.

இன்னொன்று சொல்கிறேன், இதை நினைக்கும்போதெல்லாம் எனக்குப் பிரமிப்பு அடங்குவதில்லை. சார்னோகைட் நம் மலையில் சுமார் 250 கோடி வருஷம் பழையது. அது உருவானது பூமிக்கு அடியில் பல கிலோமீட்டர் ஆழத்தில். இன்றைக்கு அது தொட்டபெட்டாவில் 2,637 மீட்டர் உயரத்தில் நிற்கிறது என்றால், மேலே எழும்பியது ஒரு பக்கம், அதன்மேல் இருந்த அத்தனை பாறையும் கரைந்து போனது இன்னொரு பக்கம். மழையும் காற்றும் ஓடைகளும் சேர்ந்து செய்த வேலை. மலையின் உச்சி வழவழவென்று மேடும் பள்ளமுமாக இருக்கிறது, ஓடைகள் அங்கே சதுப்பில் நெளிந்து மெதுவாகத்தான் போகின்றன. விளிம்புக்கு வந்ததும் தலைகுப்புற விழுகின்றன. ஊட்டி 2,240 மீட்டர், மேட்டுப்பாளையம் 300 சொச்சம். அந்த இறக்கத்தில்தான் தண்ணீருக்கு வேகம் வருகிறது. விழுகிற இடத்தில் பாறையின் அடியைக் குடைகிறது, மேலே இருப்பது உடைந்து விழுகிறது, அருவி ஓரடி பின்னால் நகர்கிறது. ஆறு கீழே ஓடுகிறது, பள்ளம் மேலே ஏறுகிறது. வடக்கே மோயாற்றுப் பள்ளத்தாக்கைத் கோடநாடு காட்சிமுனையிலிருந்து பார்த்தால் இது எத்தனை பெரிய வேலை என்று தெரியும். நம் வீட்டு ஓடையும் அதே வேலையின் நுனிதான்.

சரி, வீட்டு விஷயத்துக்கு வருகிறேன். பேரிக்காய் மரத்துக்கு மேற்கே, பாறை வெளியே தெரிகிற மேட்டில் கட்டுங்கள். பள்ளத்துக்குத் தண்ணீர் வந்து சேரும், மேட்டிலிருந்து அது விலகிப் போகும். பால்கனியிலிருந்து ஓடை தெரியாது என்று மாப்பிள்ளை வருத்தப்படலாம், அணை தெரியும். ஜேசிபி வைத்து ஒரே மட்டமாக வெட்ட வேண்டாம். அதற்கு எப்படியும் அதிகாரிகள் அனுமதி வேண்டும். சரிவை ஒட்டிப் படிப்படியாக அஸ்திவாரம் போடட்டும். தடுப்புச் சுவர் கட்டினால் பின்னால் சல்லி நிரப்பி, சுவரில் தண்ணீர் வெளியேறத் துளை வைக்கச் சொல். துளை இல்லாத சுவர் எத்தனை கனமாக இருந்தாலும் தள்ளிக்கொண்டு விழும், ரோட்டோரத்தில் பார்த்துக்கொண்டுதானே இருக்கிறோம். கூரைத் தண்ணீரை மண்ணில் விடாமல் குழாய் வழியாக ஓடை வரைக்கும் கொண்டுபோக வேண்டும். சமையலறை, குளியலறைத் தண்ணீரை வீட்டுக்குப் பின்னாலேயே குழி வெட்டி ஊற விடக் கூடாது. ஓடையின் இரண்டு கரையிலும் இப்போது இருக்கிற நாணலையும் புதரையும் அப்படியே விட்டுவிடுங்கள், பார்க்க அழகாக இல்லை என்று வெட்ட வேண்டாம்.

பிளானை மாற்றி வரைய ஆகிற செலவை நான் தருகிறேன். மாப்பிள்ளை ஆடி மாதத்தில் ஒருமுறை, ஐப்பசியில் ஒருமுறை இங்கே வந்து இரண்டு நாள் தங்கட்டும். மழை வலுக்கும்போது நானே குடையோடு கூட்டிக்கொண்டு போய் ஓடையைக் காட்டுகிறேன். அதற்கு அப்புறம்தான் அஸ்திவாரம். வரும்போது 50 மீட்டர் டேப் ஒன்று வாங்கிக்கொண்டு வா, இங்கே இருந்தது அறுந்துபோயிற்று. ஓடையின் இந்தக் கரையிலும் அந்தக் கரையிலும் எவ்வளவு விட வேண்டும் என்று அளந்து நாமே குச்சி நட்டுவிடுவோம்.

பேரனுக்கு என் முத்தங்கள். அம்மா தனியாக உனக்குப் போன் பண்ணுவாள்.

அன்புடன்,
அப்பா