அட்டைப் படத்தில் இல்லாத நால்வர்

தோ பாயோ,
சிங்கப்பூர்.

அன்பு நண்பன் செல்வத்துக்கு,

உன் கடிதம் சென்ற வாரம் கிடைத்தது. திருச்சியில் வெயில் தணிந்துவிட்டதென்றும், பேத்தி வயலினில் அலங்காரம் முடித்துக் கீதத்துக்கு வந்துவிட்டாள் என்றும் அறிந்து மகிழ்ந்தேன். ஆனால் கடிதத்தின் கடைசியில் போகிற போக்கில் நீ எழுதியிருந்த ஒரு வரிதான் என்னை இத்தனை நாளாக விடாமல் குடைந்துகொண்டிருக்கிறது. நான் அனுப்பிய குறுந்தட்டின் அட்டையில் இருக்கும் நால்வரில் ஒருவர்கூட நம்முடைய பழைய இசைத்தட்டின் அட்டையில் இருந்தவர் இல்லையே, பிறகு இவர்கள் எப்படி அதே நால்வர் தந்தி வாத்தியக் குழு, போரோடின் குவார்ட்டெட், ஆவார்கள் என்று கேட்டிருந்தாய்.

அந்தப் பழைய தட்டை நீ மறந்திருக்க மாட்டாய். சுங்கை ரோடு திருடர் சந்தையில், ஓடாத கடிகாரங்களுக்கும் துருப்பிடித்த தையல் இயந்திரத்துக்கும் நடுவில் கிடந்ததைப் பேரம் பேசி இரண்டு வெள்ளிக்கு நீதான் வாங்கினாய். அந்தச் சந்தையை 2017இல் மூடிவிட்டார்கள். அட்டையில் இருந்தவர்கள் டுபின்ஸ்கி, அலெக்சாண்ட்ரோவ், ஷெபாலின், பெர்லின்ஸ்கி. அந்த நால்வரே போரோடின் என்று நாம் நினைத்திருந்தோம். உண்மையில் அப்போதே குழுவின் முதல் உறுப்பினர்களில் பாதிப் பேர் விலகியிருந்தார்கள்.

1945இல் மாஸ்கோ கன்சர்வேட்டரி என்ற இசைக் கல்லூரியின் மாணவர்கள் சிலர் சேர்ந்து தொடங்கிய குழு அது. முதலில் செலோ என்ற, தாழ்ந்த குரலுள்ள பெரிய வயலின் போன்ற வாத்தியத்தை வாசிக்க உட்கார்ந்தவர் வேறு யாருமல்லர், பின்னாளில் உலகப் புகழ் பெற்ற ரோஸ்ட்ரோபோவிச். சில வாரங்களிலேயே அவர் விலகிக்கொள்ள, அந்த நாற்காலிக்கு வாலண்டின் பெர்லின்ஸ்கி வந்தார். 2007 வரை, அறுபத்திரண்டு ஆண்டுகள், அதைவிட்டு எழுந்திருக்கவில்லை. வயலினைவிடச் சற்றுப் பெரிய வியோலாவை வாசித்த ருடால்ஃப் பர்ஷாய் 1953இல் விலகித் தனியாக ஓர் இசைக்குழுவை அமைக்கப் போய்விட்டார். போரோடின் என்ற பெயரே 1955இல்தான் வந்தது. தொழிலால் வேதியியல் பேராசிரியராகவும், ஓய்வு நேரத்தில் இசையமைப்பாளராகவும் இருந்த ஒருவரின் பெயரைச் சூட்டிக்கொண்டது எனக்கு எப்போதும் பிடித்த விஷயம். நீயும் நானும் பள்ளியில் பாடம் நடத்திவிட்டு மாலையில் பஜனைக்கு ஓடியவர்கள்தானே.

அவர்கள் வாழ்ந்த காலத்தையும் சேர்த்து எண்ணிப் பார். 1953 மார்ச் 5 அன்று ஸ்டாலின் இறந்தபோது, அவருடைய உடல் வைக்கப்பட்டிருந்த மண்டபத்தில் வாசிக்க இவர்களை அழைத்துச் சென்றார்கள். அதே நாளில் அதே ஊரில் இசைமேதை புரோகோஃபீவும் இறந்தார். ஊரிலுள்ள பூவெல்லாம் ஸ்டாலினுக்குப் போய்விட்டதால் அவருடைய பெட்டிக்குப் பூ கிடைக்கவில்லை என்று சொல்வார்கள். இசையமைப்பாளர் ஷோஸ்டகோவிச்சிடம் அவருடைய குவார்ட்டெட்டுகளை, அதாவது நால்வர் வாசிக்க அவர் எழுதிய இசையை, நேரில் வாசித்துக் காட்டித் திருத்தம் கேட்டுப் பழகியவர்கள் இவர்கள். 1960 ஜூலையில் டிரெஸ்டனுக்கு அருகே மூன்றே நாட்களில் அவர் எழுதிய எட்டாவது குவார்ட்டெட்டை அவர் வீட்டில் வாசித்தபோது, அவர் தலையைக் கைகளில் புதைத்துக்கொண்டு அழுதார் என்பதும், வாசித்தவர்கள் ஒன்றும் பேசாமல் வாத்தியங்களைப் பெட்டியில் வைத்துவிட்டு வெளியேறினார்கள் என்பதும் பலமுறை சொல்லப்பட்ட கதை.

இந்த இடத்தில்தான் உன் கேள்விக்குத் திரும்ப வேண்டும். 1974இல் அலெக்சாண்ட்ரோவின் இடத்துக்கு அப்ரமென்கோவ் வந்தார். 1976இல் டுபின்ஸ்கி சோவியத் நாட்டைவிட்டே வெளியேறினார். போகும்போது பெயரில் ஒரு துண்டையும் எடுத்துக்கொண்டு போய், பியானோ வாசிக்கும் மனைவியோடு சேர்ந்து போரோடின் ட்ரியோ என்ற மூவர் குழுவை நடத்தினார். அவருடைய நாற்காலிக்குக் கோபெல்மன் வந்தார். 1996இல் கோபெல்மனும், நாற்பத்து மூன்று ஆண்டுகள் வாசித்த ஷெபாலினும் ஒரே சமயத்தில் விலகினார்கள். என் கணக்கில் குழுவுக்கு வந்த பெரிய கண்டம் அதுதான். நால்வரில் இருவர் புதியவர்கள் என்றால் பழைய வழக்கத்தை யார் யாருக்குச் சொல்லித்தருவது? ஆனால் புதிதாக வந்த அஹரோனியனும் நைடினும் பதினொரு ஆண்டுகள் பெர்லின்ஸ்கியின் பக்கத்தில் உட்கார்ந்து வாசித்தார்கள். 2007இல் அவருடைய செலோ நாற்காலிக்கு வந்த பால்ஷினுக்கு அப்ரமென்கோவ் நான்கு ஆண்டுகள் துணையிருந்தார். 2011இல் அப்ரமென்கோவும் ஓய்வுபெற, லோமோவ்ஸ்கி வந்தார். உன் குறுந்தட்டில் இருப்பவர்கள் அஹரோனியன், லோமோவ்ஸ்கி, நைடின், பால்ஷின் ஆகிய இந்த நால்வர்தான். பெர்லின்ஸ்கி 2008இல் காலமானார்.

எழுதிவைத்த சுரங்கள்தானே, யார் வாசித்தால் என்ன என்று நீ கேட்கலாம். எட்டாவது குவார்ட்டெட்டின் தொடக்கத்தைப் பழைய தட்டிலும் புதியதிலும் அடுத்தடுத்துக் கேட்டுப் பார். மற்றக் குழுக்கள் நீண்ட சுரங்களில் விரலை அதிரவைத்து இனிமை சேர்க்கும் இடங்களில், இவர்கள் அதிர்வை அறவே நிறுத்திவிடுகிறார்கள். கமகமே இல்லாமல் ஒரு சுரத்தை வெறுமையாக நிறுத்தினால் நமக்கு எப்படி நெஞ்சு திடுக்கிடுமோ அப்படி இருக்கிறது. எத்தனை நேரம், எந்த வில்வீச்சில் அப்படி நிறுத்துவது என்று சுரத்தாளில் எழுதவில்லை. ஒத்திகையில் சண்டை போட்டுத் தீர்மானித்து, பக்கத்து நாற்காலிக்காரரிடமிருந்து காதால் வாங்கிக்கொண்டது அது. எழுத்துக்கு அடங்கிய இசை என்று நாம் கேலி செய்ததற்கு நான் இப்போது கொஞ்சம் வெட்கப்படுகிறேன்.

நம் கச்சேரியில் இந்தச் சிக்கல் எழுவதே இல்லை. பாடகரின் பெயரில் கச்சேரி. வயலினும் மிருதங்கமும் மேடைக்கு மேடை மாறலாம். இவர்களிடம் பக்கவாத்தியம் என்று எவரும் இல்லாததால்தான் ஒவ்வொரு நாற்காலியும் பிரச்சினையாகிறது. இங்கே சிங்கப்பூரில் 1992இல் தொடங்கிய தாங் குவார்ட்டெட்டின் பெயர், உறுப்பினர்களின் குடும்பப் பெயர்களைக் கோத்து அமைத்தது என்பதை நினைக்கும்போதெல்லாம், ஆள் மாறினால் எழுத்தையும் மாற்றவேண்டுமே என்று எனக்குச் சிரிப்பு வரும்.

வேறுவிதமாக முடிவெடுத்தவர்களும் உண்டு. ஹிட்லரிடமிருந்து தப்பி பிரிட்டனுக்குப் போய், அங்கே எதிரி நாட்டவர் என்று முகாம்களில் அடைக்கப்பட்டபோது அறிமுகமான மூன்று இளைஞர்கள், லண்டன்காரர் ஒருவரைச் செலோவுக்குச் சேர்த்துக்கொண்டு அமைத்த அமேடியஸ் குவார்ட்டெட், 1947 முதல் நாற்பது ஆண்டுகள் ஆள் மாறாமல் வாசித்தது. 1987இல் வியோலா வாசித்த ஷிட்லோஃப் இறந்தார். மற்ற மூவரும் இன்னொருவரைத் தேடவில்லை. குழு அன்றோடு முடிந்தது. அந்த முடிவை நான் மதிக்கிறேன். ஆனாலும் என் மனம் பெர்லின்ஸ்கியின் பிடிவாதத்தின் பக்கமே சாய்கிறது.

அதற்குக் காரணம் நம் கதிரேசன் என்பது உனக்குத் தெரியும். அவர் போய் ஓராண்டு ஆகிறது. சனிக்கிழமை பஜனையில் எட்டு மாதம் மிருதங்கம் இல்லாமலே பாடினோம், யாரும் பேச்செடுக்கவில்லை. இப்போது அவர் இடத்தில் அவரிடமே இரண்டு ஆண்டு பயின்ற கல்லூரிப் பையன் உட்காருகிறான். முடிவுத் தீர்மானத்துக்கு முன்னால் கதிரேசன் ஒரு கணம் கையைத் தூக்கி நிறுத்துவாரே, அதை அவனும் செய்கிறான். அவனுக்கே அது தெரியவில்லை என்று நினைக்கிறேன்.

பழைய இசைத்தட்டு பத்திரமாக என்னிடம்தான் இருக்கிறது. அதில் போரோடினுடைய இரண்டாவது குவார்ட்டெட்டின் மூன்றாம் பகுதி, செலோ பாடத் தொடங்குமே, அங்கே ஒரு கீறல் விழுந்திருக்கிறது. இங்கு எந்தக் குழு அதை வாசிக்கக் கேட்டாலும், பெர்லின்ஸ்கியின் இரண்டாவது வில்லுக்கு வரும் அந்த 'டக்' சத்தத்துக்காக என் காது காத்திருக்கிறது. அடுத்த முறை நீ வரும்போது எடுத்துக்கொண்டு போ. இரண்டு வெள்ளி உன்னுடையது.

உன்,
முத்தையா