துடைப்பத்தை ஒளித்து வைத்தேன்

அன்புள்ள செல்வம்,

உன் கடிதம் வந்து மூன்று வாரமாகிறது. தைப்பூசத்துக்குப் பால்குடம் எடுத்த அம்மாவுக்கு முழங்கால் வீங்கிவிட்டது, அதிலேயே நாள் ஓடிவிட்டது. இப்போது பரவாயில்லை, தேக்கா சந்தை வரை நடக்கிறார்.

மகன் நானோ தூள் ஆய்வுக்கூடத்தில் சேர்கிறான், பயமாக இருக்கிறது என்று எழுதியிருந்தாய். இங்கே சிங்கப்பூரில், துவாஸ் தொழிற்பேட்டையில் நானும் அந்த மாதிரித் தூளோடுதான் மாரடிக்கிறேன், அதனால் தெரிந்ததைச் சொல்கிறேன்.

ஒரு சென்டிமீட்டர் கனசதுரக் கட்டி ஒன்றை எடுத்துக்கொள். அதன் மேற்பரப்பு 6 சதுர சென்டிமீட்டர். அதையே 100 நானோமீட்டர், அதாவது ஒரு மில்லிமீட்டரில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு அளவுத் துண்டுகளாக நறுக்கினால் மொத்தப் பரப்பு 60 சதுர மீட்டர், கிட்டத்தட்ட எங்கள் மூவறை வீடு! எடை கூடவில்லை, ஆனால் நுரையீரலைத் தொடுகிற இடம் அவ்வளவு கூடிவிட்டது. வேலையிடப் பாதுகாப்பை ஆராயும் அமெரிக்காவின் நியோஷ் நிறுவனம் 2011-ல், பெயிண்டில் சேர்க்கும் வெள்ளைத் தூளான டைட்டானியம் டையாக்சைடுக்கு இரண்டு வரம்புகளைப் பரிந்துரைத்ததும் இதை வைத்துத்தான். சாதாரண நுண்தூள் என்றால் ஒரு கன மீட்டர் காற்றில் 2.4 மில்லிகிராம், நானோ அளவு என்றால் 0.3 மட்டும்.

போன மாதம் புதிதாக வந்த தம்பி ஒருவர் தராசு மேசையில் சிந்திய தூளைத் துடைப்பத்தால் பெருக்கிவிட்டார். பார்க்கச் சுத்தமாகத்தான் இருந்தது. கிளம்பிய தூள் மணிக்கணக்கில் காற்றில் மிதக்கும் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டியவன் நான். அன்றே துடைப்பத்தை ஒளித்து வைத்தேன். இப்போது ஈரத்துணியும் மிக நுண்ணிய தூளையும் பிடிக்கும் ஹெப்பா வடிகட்டி வைத்த வேக்கமும்தான்.

இவ்வளவு சின்னதை முகமூடி பிடிக்குமா என்று கேட்டிருந்தாய். பிடிக்கும். மிகச் சிறிய துகள் நேராகப் போகாது. காற்று மூலக்கூறுகள் இடித்து இடித்துத் தள்ளாடி, வடிகட்டியின் நாரில் ஒட்டிக்கொள்ளும். வடிகட்டிக்குத் தண்ணி காட்டுவது அதைவிடச் சற்றுப் பெரிய துகள்தான். அதைவிட மோசம், கன்னத்தோரத்து இடைவெளி. விரதத் தாடியோடு முகமூடிச் சோதனைக்குப் போனேன், மழித்துவிட்டு வா என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். மழித்துவிட்டுப் போனால், தலையில் கூண்டு மாதிரி ஒன்றை மாட்டி இனிப்புக் கரைசலைத் தெளித்தார்கள். இனிப்பு தெரிந்தால் முகமூடி பொருந்தவில்லை என்று அர்த்தம். எனக்கு முதல் முகமூடியில் பாயசமாய் இனித்தது. வேறு அளவு கொடுத்த பிறகுதான் தேறினேன்.

சரி, மகன் வேலைக்குச் சேர்ந்ததும் ஒன்று மட்டும் கேட்டு எழுது. அவன் ஆய்வுக்கூடத்தில் துடைப்பம் இருக்கிறதா?

அன்புடன்,
மணியம்