இரண்டு விநாடி மட்டுமே மிஞ்சியது ஏன்?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போலித் துப்பாக்கி வைத்திருந்தவரை உண்மையான ஆயுதம் ஏந்தியவர் என்று எண்ணிக் காவலர் சுட்டுவிட்ட செய்தி வரும்போதெல்லாம், 'அந்தக் கண நேரத்தில் அவருக்கு எப்படித் தெரியும்?' என்ற கேள்வியோடு விவாதம் அடங்கிவிடுகிறது. 'தெரியாது' என்பதே அதற்கு நேர்மையான பதில். உலோக உடலும் எடையும் அசலைப் போலவே அமைந்த போலிகளைக் கையில் வாங்கிப் பார்ப்பவரே தடுமாறும்போது, மங்கிய வெளிச்சத்தில் இருபதடி தள்ளி நிற்கும் காவலரின் கண்ணைக் குறை சொல்வதில் நியாயமில்லை. ஆனால், முடிவெடுக்க அவருக்கு அந்தக் கண நேரம் மட்டுமே மிஞ்சியது ஏன் என்பதையல்லவா முதலில் விசாரிக்க வேண்டும்?

2014 நவம்பர் 22 அன்று அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில், பூங்காவில் ஒருவர் துப்பாக்கியை ஆட்களை நோக்கி நீட்டுவதாக அவசர எண்ணுக்குத் தகவல் கொடுத்தவர், அது போலியாக இருக்கக்கூடும் என்றும், வைத்திருப்பவர் சிறுவனாக இருக்கலாம் என்றும் சேர்த்தே சொன்னார். அவ்விரு செய்திகளும் ரோந்துக் காரில் இருந்தவர்களுக்குப் போய்ச் சேரவில்லை. கார் புல்வெளியில் ஏறிச் சிறுவனுக்குச் சில அடி தொலைவில் வந்து நின்றது. இரண்டு விநாடிக்குள் குண்டு பாய்ந்தது. 12 வயதுச் சிறுவன் மறுநாள் இறந்தான். அவனிடம் இருந்தது பிளாஸ்டிக் உருண்டைகளைச் சுடும் ஏர்சாஃப்ட் துப்பாக்கி. அது போலி என்று காட்டும் ஆரஞ்சு நிறக் குழல் முனை அகற்றப்பட்டிருந்தது.

அந்த முனை இருந்திருந்தால் தப்பியிருப்பான் என்று வாதிடுவோர் உண்டு. எனக்கு அதில் அவ்வளவு நம்பிக்கை இல்லை. பொம்மைத் துப்பாக்கிகளுக்கு இந்த அடையாளத்தை 1988-இலேயே அமெரிக்கச் சட்டம் கட்டாயமாக்கியது. ஆனால் காற்றழுத்தத்தால் சுடும் வழக்கமான பிபி (சிறு குண்டு), பெயின்ட்பால் (சாய உருண்டை) துப்பாக்கிகளுக்கு விலக்கும் அளித்தது. துப்பாக்கியை இடுப்பில் செருகினால் முதலில் மறைவது குழல் நுனிதான். அசல் துப்பாக்கியின் நுனிக்கு ஆரஞ்சு பூசவும் ஒரு டப்பா வண்ணம் போதும் என்பதால், நிறத்தை நம்பிக் காவலரால் அசட்டையாக இருக்கவும் முடியாது. அசலென்றே தோன்றும் போலிகளின் தயாரிப்பு, இறக்குமதி, விற்பனை ஆகியவற்றையே 2006-ஆம் ஆண்டுச் சட்டத்தால் குற்றமாக்கிய பிரிட்டனின் வழி இதைவிட மேல். சில விலக்குகள் அதிலும் உண்டு.

ஆயினும், காவல்துறையின் கையிலேயே இருப்பது தொலைவும் நேரமும். காரைத் தள்ளி நிறுத்தி, அதன் என்ஜின் பகுதியை மறைவாகக் கொண்டு, ஒரே ஒருவர் ஒலிபெருக்கியில் தெளிவாக ஆணையிட்டால், எதிரில் இருப்பவருக்கு அதைக் கேட்டுக் கீழ்ப்படிய அவகாசம் கிடைக்கும். காவலரின் உயிருக்கும் அதுவே பாதுகாப்பு.

பலப்பிரயோகத்தைச் சம்பவ இடத்திலிருந்த நியாயமான காவலரின் பார்வையில் எடைபோட வேண்டும் என்று 1989-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் வகுத்தது. அதை ஆபத்துக் கணத்துக்கு மட்டும் சுருக்கிப் பார்க்கக் கூடாது, முன்நிகழ்ந்தவற்றையும் சேர்த்தே பார்க்க வேண்டும் என்று 2025 மே மாதம் அதே நீதிமன்றம் ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. ஆனால், அந்த ஆபத்தைக் காவலரே வரவழைத்திருந்தால் அதை எப்படிக் கணக்கில் கொள்வது என்பதற்குள் அது நுழையவில்லை.

எனவே, இத்தகைய துப்பாக்கிச் சூட்டை எந்த நாட்டில் விசாரித்தாலும், தகவல் சொன்னவரின் சொற்களில் எவை காவலருக்குச் சொல்லப்பட்டன, வாகனம் எத்தனை அடியில் நின்றது, முதல் ஆணைக்கும் முதல் குண்டுக்கும் இடையே எத்தனை விநாடி என்ற மூன்றையும் அறிக்கையின் முதல் பக்கத்திலேயே பதிவுசெய்து வெளியிட வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்