பெரிய பிளான் வேண்டாம், தம்பி

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதுவது. நீ, மருமகள், பேத்தி மூவரும் சுகம்தானே? இங்கே எனக்கு ஒரு குறையும் இல்லை.

போனில் பேசியபோது, வீட்டு இணையத்தைப் பெரிய பிளானுக்கு மாற்றிவிடுகிறேன், மாதாமாதம் நானே கட்டிவிடுகிறேன் என்றாய். வேண்டாம் ஐயா. அந்தப் பணத்தைப் பேத்தி பெயரில் போட்டு வை. பிளானில் கோளாறு இல்லை, வீட்டுக்குள்தான் இருந்தது. கண்டுபிடித்துச் சரியும் செய்தாகிவிட்டது. போனில் சொன்னால் வேலை அவசரத்தில் பாதிதான் காதில் விழும். அதனால்தான் எழுதுகிறேன்.

பேத்தி பாடிக் காட்டும்போது வாய் திறந்தபடியே படம் நின்றுபோகுமே, அது எனக்குத் தாங்கவே இல்லை. நீ இருப்பது சரவாக்கில் பிந்துலு, நான் இருப்பது பேராக்கில் சுங்கை சிப்புட், நடுவில் கடல். தீபாவளிக்கு வந்தால்தான் குழந்தையைத் தொட்டுப் பார்க்க முடிகிறது. மற்ற நாளெல்லாம் இந்த போன்தான்.

கம்பெனி ஆள் வந்தார். கண்ணாடி இழை வந்து சேரும் வெள்ளைப் பெட்டியில் சிவப்பு விளக்கு எரிகிறதா என்று பார்த்தார். தன் மடிக்கணினியை வைஃபையில் போடாமல் நேரே ஒயரில் சொருகி வேகம் பார்த்தார். “லைன் நல்லா இருக்கு ஆன்ட்டி” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அவர் சொன்னது உண்மைதான். ஆனால் லைன் நன்றாக இருந்தும் ஏன் அறுந்துபோகிறது என்று யோசிக்க அவருக்கு நேரம் இல்லை.

பக்கத்து வீட்டுப் பையனை உனக்கு ஞாபகம் இருக்கும், காந்தி கலாசாலையில் படித்தவன். இப்போது ஈப்போவில் உங்கு ஓமார் போலிடெக்னிக்கில் படிக்கிறான். சனிக்கிழமை வீட்டுக்கு வந்தவனிடம் சொன்னேன். அவன் எதையும் தொடவில்லை. “எப்போ அறுந்துபோகுது, நீங்க எங்கே நிக்கிறீங்க, பெட்டியில விளக்கு எரியுதா, இதை மட்டும் எழுதி வைங்க ஆன்ட்டி, அடுத்த வாரம் பார்க்கிறேன்” என்றான். அடுப்படிக் காலண்டர் ஓரத்தில் எழுதிக்கொண்டே வந்தேன். அவன் அதைப் படித்துவிட்டு, இது ஒரு கோளாறு இல்லை, இரண்டு என்றான். ஒன்று ராத்திரியில் வருவது, மற்றது மழையில் வருவது.

ராத்திரிக் கோளாறு அடுப்படியில் மட்டும்தான், அதுவும் எட்டு மணிக்கு மேல். முன் ஹாலில் உட்கார்ந்தால் ஒன்றும் ஆகாது. நம் தாமான் குடியிருப்பில் வீடுகள் ஒட்டி ஒட்டி இருக்கின்றன, வீட்டுக்கு ஒரு வைஃபை. எல்லோரும் வேலை முடிந்து வந்து திறக்கும் நேரம் அது. பையன் தன் கைப்பேசியில் ஒரு படம் காட்டினான். வீட்டுக்கு ஒரு மேடு மாதிரி வரைந்திருந்தது, எல்லா மேடும் ஆறாம் சேனல் மேல் ஒன்றின்மேல் ஒன்றாக ஏறிக் கிடந்தன. சேனல் என்றால் வைஃபை அலை போகும் பாதை மாதிரி. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையில் ஒன்று, ஆறு, பதினொன்று என்ற மூன்று சேனல்தான் ஒன்றோடொன்று மோதாமல் இருக்குமாம். பதினொன்றில் ஆளே இல்லை. நம் பெட்டியை அங்கே மாற்றிவிட்டான். மைக்ரோவேவ் அடுப்பும் அதே அலையில்தான் வேலை செய்கிறது. நான் சோறு சுட வைக்கும்போது உன் குரல் கரகரத்ததற்கு அதுதான் காரணம். 5 கிகாஹெர்ட்ஸ் என்று இன்னொன்று இருக்கிறது. வேகம் அதிகம், ஆனால் செங்கல் சுவரைத் தாண்டும்போது தளர்ந்துவிடும். முன் ஹாலுக்கும் அடுப்படிக்கும் நடுவில் மூன்று சுவர். அதோடு பெட்டியைப் பொருத்த வந்தவர்கள் அதை டிவிக்குப் பின்னால் இரும்பு அலமாரிக்குள் வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். இரும்பு அலையைத் திருப்பி அடிக்கும், வெளியே விடாது. வெளியே எடுத்து உயரத்தில் வைத்ததுமே பாதி வித்தியாசம் தெரிந்தது.

மழைக் கோளாறுதான் எனக்கு ஆச்சரியம். இங்கே மத்தியானம் மூன்று மணிக்கு இடி இடிக்காத நாள் எது? இடிக்கும்போது கரண்ட் ஒரு கண்சிமிட்டும் நேரம் தாழும். காற்றாடி நிற்காது, விளக்கு அணையாது, ஆனால் வைஃபை பெட்டியில் எல்லா விளக்கும் அணைந்து மறுபடி ஒவ்வொன்றாக எரியும். திரும்ப இணையம் வர நாலைந்து நிமிஷம் ஆகும். பையன் அடாப்டரைக் கையில் எடுத்தான். தோசைக்கல்லை இறக்கி வைத்த மாதிரி சூடு. ஒயர் உள்ளே போகும் இடத்தில் ரப்பர் வெடித்து மஞ்சளாகி இருந்தது. மீட்டர் வைத்துப் பார்த்தான். பெட்டியைச் சொருகாதபோது 12 வோல்ட் சரியாகக் காட்டியது. சொருகி வேலை செய்யவிட்டால் பத்துக்குக் கீழே இறங்கியது. அது கிழடாகிவிட்டது, கரண்ட் கொஞ்சம் தாழ்ந்தாலும் தாங்காது. பழையதில் அச்சடித்திருந்த அதே வோல்ட், அதே ஆம்பியர் பார்த்து ஈப்போவில் புதுசு வாங்கிவந்தான். அதன்பிறகு எத்தனை மழை பெய்துவிட்டது, பெட்டி ஒருமுறைகூட அணையவில்லை.

ஆனாலும் பலத்த இடி என்றால் நான் பிளக்கைக் கழற்றிவிடுகிறேன். கண்ணாடி இழையில் மின்சாரம் ஓடாது, அந்த வழியாக இடி வராது. ஆனால் சுவர் பிளக் வழியாக வரும். செம்புக் கம்பி போன் லைன் இருந்த காலத்தில் இரண்டு பக்கமும் பயம்.

அடுப்படிக்கு என்ன செய்தோம் என்று கேட்பாய். நீ காலேஜில் வைத்திருந்த பழைய ரவுட்டர் பரண்மேல் கிடந்தது. அதைத் துடைத்து எடுத்து, முன் ஹால் பெட்டியிலிருந்து சீலிங் ஓரமாக ஒரு நெட்வொர்க் ஒயர் இழுத்து, அடுப்படி ஜன்னல் மேல் மாட்டினோம். அந்த ஒயர் 100 மீட்டர் வரை போகலாமாம், நமக்கு இருபதுகூட ஆகவில்லை. பழைய ரவுட்டர் போன், கணினிக்கெல்லாம் தானாக இணைய முகவரி எண் கொடுப்பதை நிறுத்திவிட்டு, அலையை மட்டும் பரப்பும்படி வைத்தான். பெயரும் பாஸ்வேர்டும் இரண்டுக்கும் ஒன்றே. ஒயர், அடாப்டர் எல்லாம் சேர்த்து நூறு வெள்ளிகூட ஆகவில்லை. பையன் கூலி வாங்க மறுத்துவிட்டான். அவன் அம்மாவிடம் நெய் உருண்டை கொடுத்தனுப்பினேன்.

உன் குவார்ட்டர்ஸிலும் சில நேரம் அறுந்துபோகிறது என்று மருமகள் சொன்னாள். முதலில் ஒயரில் சொருகிப் பார். ஒயரிலும் அறுந்தால் கம்பெனியைக் கூப்பிடு. ஒயரில் நன்றாக இருந்து வைஃபையில் மட்டும் அறுந்தால் அவர்களைக் கூப்பிட்டுப் பயனில்லை. பெட்டி எங்கே இருக்கிறது, எந்தச் சேனலில் இருக்கிறது என்று பார். அடாப்டரையும் தொட்டுப் பார்.

பிளான் மாற்ற விண்ணப்பம் போட்டுவிட்டாயா? போட்டிருந்தால் உடனே ரத்து செய். ஒப்பந்தத்தில் கையெழுத்து விழுந்தால் இரண்டு வருஷத்துக்கு விட மாட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை பசியாறியதும் கூப்பிடு. பேத்தியை அந்தப் பாட்டை முழுசாகப் பாடச் சொல். அடுப்படியிலேயே இருப்பேன்.

அம்மா
சுங்கை சிப்புட்