கருங்கல் தூளும் என் 3 ஏக்கரும்

சிகாமட்

அன்புள்ள மாரிமுத்து,

கடிதம் கிடைத்தது. முட்டி அறுவைக்குப் பிறகு நடக்கிறாய் என்றதும்தான் நிம்மதி. கிள்ளானில் மகன் வீட்டு மாடிப்படியில் பார்த்து ஏறு.

தம்பி மகன் எனக்கு ஒரு புதுக் கிறுக்கை ஏற்றிவிட்டான். பசால்ட் என்னும் கரிய எரிமலைக் கல்லை மாவாக அரைத்து நிலத்தில் தூவினால் காற்றிலுள்ள கரியமில வாயு குறையுமாம். மழைநீரில் அந்த வாயு கரைந்து மெல்லிய அமிலமாகிறது. அது கல்லை அரிக்கும்போது கால்சியமும் மக்னீசியமும் கழன்று வருகின்றன. வாயு பைகார்பனேட்டாக மாறி, ஆற்றோடு கடலுக்குப் போய் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் அங்கே கிடக்கிறது. நம்மூர் வெயிலும் மழையும் இந்த வேலையை விரைவுபடுத்தும்.

கல்தூள் நமக்குப் புதிதா? கிறிஸ்துமஸ் தீவுப் பாறை பாஸ்பேட்டை அள்ளி வீசி, திருநீறு பூசிய ஆண்டிகளாக தோட்டத்து லய வீடுகளுக்குத் திரும்பியவர்கள்தானே நாம்!

கல்லுடைப்பு ஆலையிலிருந்து ஒரு வாளித் தூள் வாங்கிவந்து வினிகர் ஊற்றிப் பார்த்தேன். சுண்ணாம்புத் தூள் புஸ்ஸென்று நுரைத்தது. அந்த நுரையே கரியமில வாயுதான். பசால்ட் ஈரமாகிக் கறுத்ததோடு சரி. அமிலமேறிப் புளித்த மண்ணைத் திருத்தச் சுண்ணாம்பைவிட இது ஏன் மேல் என்பது அப்போதுதான் விளங்கியது.

ஆனால் கணக்குதான் இடிக்கிறது. சபாவில் ஒரு செம்பனைத் தோட்டத்தில் ஆண்டுக்கு ஹெக்டருக்கு 50 டன் வீதம் தூவி ஓடைநீரை அளந்தார்கள். தூவிய பகுதிக்கும் தூவாத பகுதிக்கும் தெளிவான வேறுபாடு கிடைக்கவில்லை. அமெரிக்காவின் இலினாய் மாநிலத்தில் அதே அளவு போட்ட சோள, சோயா வயல்களில் நான்காண்டுச் சோதனையில் விளைச்சல் 12 முதல் 16 விழுக்காடு கூடியதாம். அந்த அளவை எடுத்தால் என் 3 ஏக்கருக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 60 டன் வேண்டும். அரைக்கும் மின்சாரமும் லாரி எண்ணெயும் விடும் புகையை யார் கழிப்பது? யூரியா போட்டுப் போட்டுப் புளித்த மண்ணில் அந்த அமிலமே முதலில் கல்லைத் தின்றுவிடும். காற்றிலுள்ள வாயுவுக்குப் பங்கு குறையும். காற்றைச் சுத்தம் செய்ததற்குப் பணம் தருவதாக யாராவது வந்தால், எப்படி அளந்தீர்கள் என்றுதான் முதலில் கேட்பேன். மண்ணுக்கு நல்லது என்று சொன்னால் உட்கார்ந்து பேசலாம்.

வேடிக்கை என்னவென்றால், சிகாமட்டின் சிவப்பு மண்ணில் ஒரு பகுதி பசால்ட் போன்ற எரிமலைக் கல் மக்கி வந்ததுதான்.

இரண்டு மரங்களின் வட்டத்தில் மட்டும் வாளி வாளியாகப் போட்டிருக்கிறேன். தூசி நெஞ்சுக்கு ஆகாதென்று முகக்கவசம் மாட்டிக்கொண்டேன். உன் தங்கச்சி பார்த்துச் சிரித்தாள். நீ ஸ்டோரில் கணக்கு எழுதியவனாயிற்றே, பாறை பாஸ்பேட் மரத்துக்கு எத்தனை கிலோ போட்டோம் என்று நினைவிருந்தால் எழுது.

உன்,
சின்னையா